பீலித் தண்ணீரின் மணம்

நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வாக்கியத்துக்கும் அப்படித்தான். என் பெயர் வலன்ரைன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன நீர் ஆய்வு நிலையத்தில் பதினெட்டு வருடமாகத் தமிழ் அறிக்கைகளைத் திருத்துகிறேன். என் கைபட்ட அறிக்கையில் ‘நான்’ இருக்காது, ‘ஐயோ’வும் இருக்காது.

எங்கள் ஆய்வு உதவியாளர் நிரஞ்சனி, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மலையூற்றுக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இடத்தைத் தோட்டத்து ஆட்கள் பீலி என்பார்கள். தேயிலைக்கு அடிக்கும் நஞ்சை மருந்து என்பார்கள். வீதியோரப் பீலியில் வைக்க வேண்டிய பலகைக்கு அவள் எழுதித் தந்தது இது: “இந்தத் தண்ணியில தேயிலைக்கு அடிக்கிற மருந்து நாறுது. நான் மூணு மாசம் சோதிச்சுப் பாத்தேன். குடிக்காதீங்க.”

எனக்குக் கூசியது. ‘நாறுது’ கொச்சை, ‘மணம்’ ஆக்கினேன். ‘தேயிலைக்கு அடிக்கிற’ மிகை. ‘நான்’ போனது. ‘குடிக்காதீங்க’ என்பது கட்டளை. விஞ்ஞானம் யாரையும் அதட்டாது.

“சேர், கடைசிச் சொல்ல மட்டும் விட்டுடுங்க. எங்க ஆளுங்களுக்கு விளங்கும், பஸ்ஸுல போறவங்களுக்கு என்னா தெரியும்?” என்றாள். கண்ணில் நீர் அவதானிக்கப்பட்டது.

பலகையில் இப்படி வந்தது: “மூன்று மாத ஆய்வில் இப்பீலி நீரில் மருந்தின் மணம் உறுதிப்படுத்தப்பட்டது.” இன்றைக்கும் அதில் யாரும் ஒரு பிழை காட்ட முடியாது.

மறுவாரம் நுவரெலியா பஸ் அங்கே நின்றது. நானும் அதில் இருந்தேன். ஒருவர் பலகையை உரக்க வாசித்தார். மருந்துத் தண்ணீராம், மூட்டு வலிக்கு நல்லதாம் என்று சனம் போத்தலும் கையுமாக இறங்கியது. நாற்பத்தொரு போத்தல்கள் நிரம்பின. ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வருடத்தில் என் எழுத்தை ஒருவர் வாய்விட்டு வாசித்து நான் கேட்டது அன்றுதான். சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து இருக்கையில் வந்த, கெலிஓயாவைச் சேர்ந்த றம்லத் என்ற பெண் என்னிடம் போத்தலை நீட்டினார். “நீங்க முந்திக் குடிங்க” என்றார்.

எனக்குத் தாகமில்லை என்றேன். அது பொய், தொண்டை வறண்டு கிடந்தது. அவர் குடித்தார்.

இருபத்தேழு பேருக்கு வாந்தி, மயக்கம். றம்லத்துக்கு இன்னும் சேலைன் ஏறுகிறது.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன், ஐயா. ‘நான்’ அதிகமாகிவிட்டது. பேனாவைத் தாருங்கள், ‘நீர் அருந்தப்பட்டது’ என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.