விதிநூலைக் காதால் திறந்தவர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுத் தாமே அரைமணி நேரம் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் அய்யா ஏகாம்பரம் அவர்களே! இவன் எப்போது முடிப்பான் என்ற கேள்வியை முகத்தில் ஏந்தி முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! முந்திரி உடைக்கும் வேலையை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! கட்டுமாவடிக் கரையிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கும் தம்பிமார்களே! பையில் பகடையும் நெஞ்சில் பாசமும் சுமக்கும் என் சக விளையாட்டுக்காரர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் ஆலங்குடிக் கடைத்தெரு ஜவுளிக்கடை நாராயணனின் அன்பு வணக்கம்.

அச்சு நூலா, அலைபேசி நூலா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. அச்சின் பக்கம் நின்று பேசுவார் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். பேசுவேன்! பேசாமல் விடுவேனா? மின்சாரம் போனால் மங்குமா அச்சு? சார்ஜ் இறங்கினால் சாகுமா அச்சு? மேசை நடுவே விரித்து வைத்தால் நாலு பேர் தலையும் ஒன்றாகக் குனியுமே, அந்தச் சுகத்தைத் தருமா உங்கள் உள்ளங்கைத் திரை? விளையாட்டின் விதிநூல் என்றால் அதில் தேநீர்க் கறை இருக்க வேண்டும். ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட சண்டை இருக்க வேண்டும். கை தட்டுங்கள், பரவாயில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் வேறு மாதிரிப் பேசுவேன், அப்போது தட்டியதைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

"என்ன வெளாட்டுங்க அது, பல்லாங்குழியா?" என்று அந்த ஓரத்தில் ஓர் அம்மா கேட்கிறார்கள். இல்லைங்கம்மா. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு வேடம், ஆனால் அரிதாரம் கிடையாது. ஒருவர் மாலுமி, ஒருவர் மருத்துவச்சி, ஜவுளி விற்கும் நான் திருடன். ஏன் சிரிக்கிறீர்கள்? தீபாவளித் தள்ளுபடியை நினைத்துச் சிரிப்பவர்கள் என்னைத் தனியாக வந்து பாருங்கள்! கதை நடத்துபவர் என்று ஒருவர் இருப்பார். "புயல் வருகிறது, என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். செய்வதை நாம் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன பொருள் என்பதை விதிநூல் சொல்லும். நம் வாசகர் வட்டத்தின் அமுதவல்லி உருவாக்கிய 'உப்புக்காற்று' என்ற விளையாட்டின் விதிநூல்தான் இன்று இரண்டாம் பதிப்பாக வெளிவருகிறது.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்பில் ஐயம் வந்தால் யார் வேண்டுமானாலும் "நூலைத் திற!" என்று கேட்கலாம். கேட்டுவிட்டால், கதை நடத்துபவர் தாமே நூலைத் திறந்து விதியைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் படித்துக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் தனக்கு வேண்டிய வரியை மட்டும் படிப்பார். பட்டோம், அதனால் வழக்கம் வைத்தோம்.

அந்த வழக்கம்தான் ஒரு மனிதரின் வழியை மறித்தது. வழக்கறிஞர் ஆனந்தராஜ் அவர்களைத்தான் சொல்கிறேன். அதோ, இரண்டாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில். புதுக்கோட்டை நீதிமன்றத்தில் அவர் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி ஆள் வேண்டும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் மேசையில் வெகுநாளாக அவர் மாலுமி. ஆனால் அவர் ஆசைப்பட்டது கதை நடத்த. ஒருநாள் வாய்விட்டே கேட்டார்.

நம் வசந்த், வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், நீங்க நடத்துனா ஜோராத்தான் இருக்கும். ஆனா நூலைத் தெறன்னு ஒருத்தர் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"தெறப்பேன்," என்றார் ஆனந்தராஜ். "போனுக்கு அனுப்பச் சொல்லுங்க. கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் எனக்குப் போன்தானே படிச்சுக் காட்டுது. இதைப் படிக்காதா?"

மேசையில் இருந்த அமுதவல்லி, அச்சுக்குக் கொடுத்த கோப்பை அந்த நிமிடமே அனுப்பினார். ஆனந்தராஜ் போனை மேசைமேல் வைத்தார். அது வாயைத் திறந்தது. தமிழா அது? ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக அள்ளிக் கொட்டியது! ஏன் தெரியுமா? நம் ஊர் அச்சகங்களில் பலவற்றில் இன்றைக்கும் பழைய எழுத்துருவில்தான் தட்டுகிறோம். நம் கண்ணுக்குத் தெரிவது அகரம்; உள்ளே கருவிக்குத் தெரிவதோ ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. தாளில் ஏறும்வரை யாருக்கும் குறையில்லை. காதால் படிப்பவருக்கோ அந்த நூலில் ஒரு சொல்கூட இல்லை.

அவர் முகம் சுண்டிப் போயிற்று. "சரி விடுங்க. நான் மாலுமியாவே இருந்துட்டுப் போறேன்," என்றார். யாரையும் விடாத வாய் "விடுங்க" என்று சொல்லிவிட்டது அய்யா!

அன்று அங்கே நூலை அச்சிட்ட உடையப்பன் அண்ணனும் இருந்தார். அச்சகத்தையே குடும்பமாக நினைப்பவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படிங்க? எழுத்து முத்து முத்தாத் தெரியுதே!" என்றார்.

"தெரியிறவங்களுக்குத் தெரியுதுங்கண்ணே," என்றார் ஆனந்தராஜ்.

உடையப்பன் அண்ணன் சட்டைப்பையைத் தடவினார், சாவியை எடுத்தார். "எந்திரிங்க. அச்சாபீசைத் தெறக்குறேன். அமுதா, நீயும் வா," என்றார். ஞாயிற்றுக்கிழமை, தாய்மார்களே! வீட்டில் கறிக்குழம்பு காத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமை!

எழுத்துருவை மாற்ற மென்பொருள் இருக்கிறது. மாற்றினார்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறின. அண்ணன் வரி வரியாகத் திருத்தினார்; ஆனந்தராஜ் வரி வரியாகக் கேட்டார். அப்புறம்தான் புயல் அட்டவணை வந்தது. குறுக்கே காற்று, நெடுக்கே கப்பல், நடுவே எண்கள். போன் வெறும் எண்களை ஒப்பித்தது. ஆனந்தராஜ் கேட்டார்: "அமுதா, இந்தக் கட்டத்துல என்னதான் இருக்கு? ஒன் வாயால சொல்லு பாப்போம்."

அமுதவல்லி சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார், தலையில் கை வைத்தார். "அய்யய்யோ, எழுதுன எனக்கே சொல்ல வரலையே!" சபையோரே, அந்த அட்டவணையை நாங்கள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டுதான் அத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம்! கண் இருந்தது, கட்டம் இருந்தது, கருத்து மட்டும் இல்லை. அமுதவல்லி கட்டங்களை உடைத்தார். 'பாய் கிழிந்த கப்பலைப் பெருங்காற்று பிடித்தால் இது நடக்கும்' என்று நல்ல தமிழ் வாக்கியமாக எழுதினார். ஒரு நல்ல படைப்பாளிக்குத்தான் தன் எழுத்தை உடைக்கும் துணிவு வரும். அந்தப் பெண்ணை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பிறகு வந்தது அந்தப் பொழுது. ஆனந்தராஜ் கதை நடத்துகிறார்! குரலிலேயே கடலைக் கொண்டுவந்தார். கூரைக்குமேல் காற்று அடிப்பதுபோல் எங்களுக்குக் குளிர்ந்தது. என் திருடன் எரியும் கப்பலிலிருந்து கரைக்குத் தாவினான். பகடையை உருட்டினேன். ஆனந்தராஜ் விரலால் தடவிப் பார்த்தார். "கால் வழுக்கிருச்சு. ஆளு அவுட்டு," என்றார்.

விடுவேனா நான்? "நூலைத் திற!" என்றேன். வசந்த் என்னை முறைத்தான். நான் அச்சு நூலை இழுத்தேன், விரலை நாக்கில் தொட்டேன், பக்கத்தைப் புரட்டினேன். அவர் போனைக் காதோடு வைத்தார். அது தடதடவென்று படித்துக்கொண்டே ஓடியது. அந்த வேகத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. நான் பொருளடக்கத்தில் விரல் வைத்திருக்கிறேன், அவர் விதியைச் சொல்லி முடித்துவிட்டார். விதியோடு விடவில்லை, "திருடன் ஈரத் துணியோடு தாவினால் இன்னும் மோசம். அதை நான் கணக்குல சேக்கலை, போங்க," என்று கருணை வேறு காட்டினார். கடைசியில் நானும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அவர் சொன்னதேதான். என் திருடன் செத்தான். என் கண் கலங்கியது உண்மை. ஆனால் அது திருடனுக்காக அல்ல.

வசந்த் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அடுத்த ஞாயிறும் நீங்களே நடத்துங்க சார்," என்றான்.

அச்சா, அலைபேசியா? இன்னுமா கேட்கிறீர்கள்? காதுக்காகத் திருத்திய அதே வாக்கியங்கள்தான் இன்று இந்த அச்சுப் பதிப்பிலும் இருக்கின்றன. அலைபேசி நூல் ஒருவருக்கு இடம் கொடுத்தது. அச்சு நூல் அதனால் அறிவு பெற்றது. யார் பெரியவர் என்று நான் எதைக் கொண்டு அளப்பேன்? ஒருவரை வெளியே நிறுத்தும் நூல் தங்கத்தாளில் அடித்தாலும் எனக்கு வேண்டாம்! ஒருவரை உள்ளே அழைக்கும் நூல் எந்த வடிவில் வந்தாலும் என் தலைமேல் வைப்பேன்!

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன் அய்யா. இன்று காலை இந்த மண்டப வாசலில் நடந்தது. ஆவுடையார்கோவிலிலிருந்து ஒரு பெண் வந்தார், பெயர் அர்ச்சனா. கையில் வெள்ளைக் கோல். தன் போனுக்கு உடையப்பன் அண்ணன் அனுப்பியிருந்த நூலைக் காதால் கேட்டுவிட்டு வந்தவர். நேராக ஆனந்தராஜிடம் போனார்.

"சார், கதை நடத்துறது நீங்கதானே?"

"ஆமாம்மா. வெளாட வந்தியா?"

"வெளாட வரலைங்க சார். நூலை முழுசாக் கேட்டு முடிச்சிட்டேன். அடுத்த கதை நான் நடத்துறேன். நீங்க கொஞ்சம் அங்கிட்டு நகந்து உக்காருங்க."

எந்தச் சபையிலும் இடம் விட்டுக் கொடுக்காத நம் வழக்கறிஞர், வாயெல்லாம் சிரிப்பாக, "நகந்துட்டேன்மா," என்றார்.

புதிய பதிப்பின் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள அந்த அர்ச்சனாவையே மேடைக்கு அழைக்கிறேன். வாங்கம்மா. உங்களுக்கு இந்த அச்சுப் பிரதி தேவையில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மேசையில் வந்து உட்காரப் போகும் எங்களுக்குத் தேவை. கண்ணால் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். எங்களுக்காக வாங்கி வையுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்.