கேட்காமல் வந்த மாலை

மேடையில் வீற்றிருக்கும் நம் பக்க வடிவமைப்பாளர் சங்கத் தலைவர் ஜெயபாரதி அம்மையார் அவர்களே, கரீமுல்லா பாயின் துணைவியார் கமர் ஜஹான் அம்மா அவர்களே, மகள் இஃப்ரா, மயிலாப்பூர் அச்சக நண்பர்களே, வணக்கம்.

வடிவமைப்புக் கலைஞர் கரீமுல்லா மறைந்துவிட்டார். பல வருடம் அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்தவன் இந்தக் கோதண்டபாணி. அவர் போன பிறகும் அவர்மேல் எனக்குள்ள பொறாமை தீரவில்லை. இதை வேறு எங்கே போய்ச் சொல்வேன்?

செயற்கை நுண்ணறிவு வந்தது. ஒரு வரி எழுதினால் கொடி, மயில், பொன்தூள், ஒளிவட்டம் எல்லாம் வந்து கொட்டும் என்றார்கள். இனி நானும் பாயும் சமம் என்று மகிழ்ந்தேன். நடந்ததா? அடையாறில் ஒரு நாட்டியப் பள்ளி விழா மலருக்கு ஆளுக்கொரு அட்டை செய்தோம். என் அட்டையில் மின்னாத இடமே இல்லை. பாயும் அதே கருவியிடம்தான் கேட்டார். ஆனால் அது வரைந்து தந்த நாட்டியப் பெண்களின் கைகளை உற்றுப் பார்த்தார். ஒருத்திக்கு ஆறு விரல். எல்லாரையும் அழித்துவிட்டு, ஓரத்தில் ஒரு சலங்கையை மட்டும் வைத்தார். "எழுத்து மூச்சு வுடட்டும் நைனா" என்றார். பள்ளிக்காரர்கள் எதை எடுத்தார்கள் என்று கேட்கவும் வேண்டுமா? என் வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் மோர் குடித்தும் அடங்கவில்லை.

ஆகவே இன்றைய பதாகையை நானே செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். போட்டிக்கு அவர் இல்லை அல்லவா? இரங்கல் பதாகை, அழகு செய் என்று கருவியிடம் சொன்னேன். பாயின் படத்தைச் சுற்றி ரோஜா மாலை, கீழே குத்துவிளக்கு, சுடரைச் சுற்றி ஒளி. சொக்கிப்போனேன். ஈக்காட்டுத்தாங்கலில் அச்சடித்து இங்கே மாட்டியும் விட்டேன்.

இஃப்ரா பார்த்தாள். என்னைத் தனியே அழைத்து, "அங்கிள், நாங்க படத்துக்கு மாலை போட மாட்டோம். விளக்கும் வைக்க மாட்டோம்" என்றாள். பெருநாள்தோறும் அந்த வீட்டில் சாப்பிட்ட எனக்கு இது தெரியாதா? தெரியும். பதாகை மின்னியது, கண் அதிலேயே நின்றுவிட்டது. பாயாக இருந்தால் முதலில் அந்த மாலையைத்தான் எடுத்திருப்பார்.

பதாகையைத் திருப்பி, வெள்ளைப் பின்புறத்தில் இஃப்ரா தன் தந்தையின் பெயரை எழுதினாள். என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் பார்ப்பது அதுதான். பிறகு உள்ளே வந்த நண்பர் துரைராஜ், "ரொம்ப நல்லா கீதுப்பா, பாயே செஞ்சு வெச்சிட்டுப் போனாரா?" என்று என்னிடமே கேட்டார். பாயே, இறந்த பிறகுமா என்னை முந்துவீர்கள்?

சங்க ஆண்டு மலரின் அட்டை எப்போதும் பாயுடையது. அவர் பாதியில் விட்டதை நான் முடிக்க வேண்டும் என்கிறார்கள். முடிக்கிறேன். இந்த அவையில் உறுதி சொல்கிறேன். அச்சுக்குப் போகும் முன் இஃப்ராவிடம் காட்டுவேன், அவள் எடுக்கச் சொன்னதையெல்லாம் எடுப்பேன். இந்தப் பொறாமையை மட்டும் எடுக்க மாட்டேன். அது போய்விட்டால், அடுத்த மேசையில் பாய் இல்லை என்பது எனக்கு உறைத்துவிடும்.