காந்தத்தை விடாத பொடி

அண்ணன்: இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கா?

தங்கை: நீயே வந்து பாரு.

அண்ணன்: தண்ணி எவ்வளவு சூடு?

தங்கை: ஐம்பத்தஞ்சு டிகிரி.

அண்ணன்: தெர்மாமீட்டர் கோளாறா இருக்கும். நீ எப்பவுமே அவசரக்குடுக்கை...

தங்கை: ரெண்டு தெர்மாமீட்டர் போட்டிருக்கேன். நாப்பத்தஞ்சுலயே இது காந்தத்தை விட்டுட்டுக் கீழ உக்காரணும். விடல.

அண்ணன்: இது... எந்தப் பொடி?

தங்கை: ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோமே, அதே பொடி. குப்பியோட அடியில கொஞ்சம் மிஞ்சியிருந்துச்சு.

அண்ணன்: அனுப்பி ஒரு வாரம் ஆச்சு. இன்னைக்குப் போய் ஏன் சோதிச்சே?

தங்கை: சும்மாதான். மனசு கேக்கல.

அண்ணன்: கதவைச் சாத்து.

தங்கை: சாத்திட்டேன். இப்ப என்ன பண்றது?

அண்ணன்: இரு, யோசிப்போம். ஸ்ட்ரான்ஷியம் ஒரு சிட்டிகை சேக்கலேன்னா இந்த ஆக்சைடு காந்தமே ஆகாது. கூடிப்போனா இப்படித்தான், நாப்பத்தஞ்சைத் தாண்டியும் காந்தம் சாகாது. நீ எடை போடறப்ப...

தங்கை: ஸ்ட்ரான்ஷியம் சரியாத்தான் போட்டேன். அதோட கலக்கற லாந்தனம்தான்...

அண்ணன்: லாந்தனத்துக்கு என்ன?

தங்கை: அது காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிக்கும்ல. உலையில காய வச்சுட்டுத்தான் எடை போடணும். அன்னைக்கு நல்ல மழை, உலையும் காலியா இல்ல. டப்பாவுலேர்ந்து அப்படியே எடுத்து...

அண்ணன்: தண்ணியையும் சேத்து எடை போட்டிருக்கே.

தங்கை: ஆமா. லாந்தனம் கொறைஞ்சதும் ஸ்ட்ரான்ஷியத்தோட பங்கு தானா ஏறிடுச்சு. திட்டு, அண்ணா.

அண்ணன்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திட்டறது? சூடாக்கிப் பாத்துட்டு அனுப்ப வேண்டியது என் வேலை. அறைச் சூட்டுல மட்டும் பாத்தேன். பழைய பொடி மாதிரியே இருந்துச்சு... கையெழுத்துப் போட்டுட்டேன்.

தங்கை: நீயுமா... "புத்துநோய்க் கட்டிக்குள்ள ஏத்திட்டு வெளியிலேருந்து காந்தத்தை ஓட்டினா பொடி சூடாகிக் கட்டியைக் கொல்லும், நாப்பத்தஞ்சு வந்ததும் தானா நின்னுடும், பயப்படாதீங்க"ன்னு நீதானே அங்க போய்ப் படம் போட்டுக் காட்டினே? இது நிக்காது, அண்ணா. உள்ளேயே வேகும்.

அண்ணன்: வாயை மூடு. அப்படிச் சொல்லாத.

தங்கை: இன்னைக்கு யாருக்கு ஏத்தறாங்க, தெரியுமா?

அண்ணன்: எனக்கெப்படித் தெரியும்? யாரோ... உனக்குத் தெரியுமா?

தங்கை: பேரெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்களே. டாக்டருக்குப் போன் பண்ணு.

அண்ணன்: பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். எடுக்கல.

தங்கை: திரும்பப் பண்ணு. வேலை போனா போகட்டும்.

அண்ணன்: வேலையைப் பத்தி இப்ப யாரு பேசினா... ரிங் போகுது. ஹலோ, டாக்டர்? அந்தப் பொடியை ஏத்தாதீங்க.

டாக்டர்: ஏத்தியாச்சே. இப்ப மெஷினுக்குள்ள தள்ளப் போறோம்.

அண்ணன்: தள்ளாதீங்க டாக்டர். பொடி தப்பு. சூடு நிக்காது. எங்க தப்புதான், எங்க வேணா வந்து சொல்றேன்.

டாக்டர்: என்னப்பா சொல்றீங்க... சிஸ்டர், சுவிட்சைத் தொடாதீங்க. வெளிய இழுங்க.

தங்கை: அண்ணா, என்ன சொல்றாரு? நிறுத்திட்டாரா?

அண்ணன்: இரு...

டாக்டர்: நிறுத்தியாச்சு. பொடி உள்ள இருக்கே, அதுக்கு?

அண்ணன்: சூடாக்காத வரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது.

டாக்டர்: பேஷண்ட் ஏன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?

அண்ணன்: போனை அவங்க காதுல வைங்க... அம்மா, நான்தான். பயப்படாத. எந்திரிச்சு வந்துடும்மா.

தங்கை: அண்ணா... அது அம்மான்னு உனக்குத் தெரியுமா?

அண்ணன்: நேத்து சாயங்காலம் சொல்லிச்சு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு. உனக்கு யாரு...

தங்கை: என்கிட்டயும் அதே சத்தியம்தான். "என் பிள்ளைங்க கையால செஞ்ச பொடி, எனக்கென்ன பயம்"னு சிரிச்சுச்சு.