கவிழ்க்காத குடம்

நடக்கிறேன். பாலத்தின் நடுவில். வடக்கே. மழை பக்கவாட்டில் அடிக்கிறது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆதார் அட்டை. வியாழக்கிழமை. காலை ஐந்து நாற்பது.

பின்னால் சத்தம். டங். டங். டங். அலுமினியத் தட்டில் இரும்புக் கரண்டி.

நின்றேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தண்ணி லாரி வந்தால் பியாரியம்மா அடிக்கும் சத்தம். ஆனால் லாரி ஏழு மணிக்கு முன்னால் வந்ததில்லை.

அடையாற்றுக் கரையில், பாலத்துக்குக் கீழே, முனியன் தோட்டம். நாற்பத்தொன்பது வீடு. ஒரே சந்து. சாலைக்கு ஏற இருபத்திரண்டு படி. பதினாறு மாதம் அங்கே இருந்தேன். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வந்தவன் நான். வேறு எங்கேயும் அவ்வளவு நாள் தங்கியதில்லை. அன்று கிளம்பியதற்குப் பெரிய காரணம் கிடையாது. கால் நிற்கவில்லை. வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி வேலை என்று ஒருவர் சொன்னார். போதும்.

பியாரியம்மாவுக்கு ஐம்பது தாண்டிய வயது. கணவர் இல்லை. மகளைத் திருவல்லிக்கேணியில் கட்டிக்கொடுத்திருந்தார். சந்தின் முதல் வீட்டில் இடியாப்பம் அவித்து விற்பார். யாரும் அவரைத் தலைவி ஆக்கவில்லை. ஆனால் தண்ணி லாரி வந்தால் வரிசை அவருடையது.

ஆள் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. குடம் நிற்கும். ஆட்டோ ஓட்டுபவர் சிவப்பு ரெண்டு. தையல்காரர் விரிசல் நீலம். நான் பச்சை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பச்சைக் குடம். ஒரு நாள் ஆட்டோக்காரர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு ஒரு குடத்தோடு வந்தார். "இன்னொரு செவப்பு எங்க? போய் கூட்டினு வா. இல்லேன்னா உனுக்கும் தண்ணி இல்ல" என்றார் பியாரியம்மா. வரிசையே சிரித்தது. ஆட்டோக்காரர் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் ஊரில் இருந்தால் குடம் வாசலில் நிமிர்ந்து நிற்கும். வெளியூர் போனால் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். கவிழ்ந்த குடத்துக்கு வரிசையில் இடம் கிடையாது. அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நான் ஒரு முறை கவிழ்த்தேன். பியாரியம்மா பஸ் நிறுத்தம் வரை தேடி வந்துவிட்டார். "இன்னாடா பச்ச, யாரு இன்னா சொன்னா? துன்னியா நீ?" கையில் நாலு இடியாப்பம். தின்றேன். திரும்பிப் போனேன்.

அதனால் அந்த வியாழக்கிழமை கவிழ்க்கவில்லை. பச்சைக் குடம் என் வாசலில் நிமிர்ந்தே நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

டங். டங். டங். சத்தம் சந்துக்குள் போகிறது, வருகிறது. பாலத்திலிருந்து திரும்பி நடந்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். அவர் கண்ணில் படக் கூடாது. பாலத்து முனையில் பஸ் நிழற்குடை இருக்கிறது. அதன் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

படியில் ஆட்கள் ஏறி வருகிறார்கள். எல்லார் கையிலும் குடம். இடுப்பில் குழந்தை, மறுபக்கம் குடம். ஒரு கிழவரை முதுகில் சுமந்து வருகிறார் தையல்காரர். கிழவர் கையில் குடம். தூக்கம் கலையாத முகங்கள். சாலைக்கு வந்து பார்க்கிறார்கள். லாரி இல்லை.

"எங்க கீது லாரி?"

"வரும். நில்லு."

"அடிக்கிற மழைல லாரியா? மெண்டலா நீ?"

"மேல ஏறுடா மொதல்ல! பேசாத! ஏறு!" கீழே படியிலிருந்து பியாரியம்மாவின் குரல்.

கடைசியாக அவர் வந்தார். நனைந்திருந்தார். தட்டு கையில். மூச்சு வாங்கியது. அப்போதுதான் சொன்னார். கத்தித்தான் சொன்னார்.

"ஆத்தப் பாருங்கடா!"

பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தண்ணீர் நிறம் மாறியிருந்தது. செம்மண். ஒரு முழு மரம் வேரோடு போனது. கரைக்கும் சந்துக்கும் நடுவே இருந்த மேட்டைக் காணவில்லை.

அந்த வாரம் மைக் கட்டிய ஆட்டோ மூன்று முறை வந்தது. வெள்ளம் வரும், வெளியேறுங்கள் என்றது. மூன்று முறையும் வெள்ளம் வரவில்லை. நான்காவது முறை யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். அவருக்கு அது தெரியும். லாரி என்றால் சாகக் கிடப்பவனும் எழுந்து வருவான். அதுவும் தெரியும். அதனால் பொய்த் தட்டு அடித்தார். அவர் அடித்த ஒரே பொய்த் தட்டு.

யாரும் அதற்கு மேல் திட்டவில்லை. குடங்களைத் தரையில் வைத்தார்கள். பழக்கம். வரிசையாகவே வைத்தார்கள். மழை அவற்றில் நிறைந்துகொண்டிருந்தது.

பியாரியம்மா வரிசையை எண்ணினார். எப்போதும் போல. கரண்டியால் ஒவ்வொரு குடத்தையும் தொட்டு. கடைசி வரை வந்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பச்ச எங்க?"

ஆட்டோக்காரர் சொன்னார். "தூங்கிக்கினு இருப்பான்."

"கதவ தட்னேன். தொறக்கல. குடம் நிமிந்து நிக்குது. உள்ளதான் கீறான்."

இருபதடி தூரம். எல்லாம் கேட்டது. நான் கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. பார்த்தால் விடமாட்டார் என்று நினைத்தேன். வேறு யாராவது போவார்கள் என்று நினைத்தேன். எத்தனை நேரம் என்று பிறகு பல முறை கணக்குப் போட்டேன். பத்து மூச்சு. அதற்கு மேல் இருக்காது.

அவர் திரும்பினார். படியில் இறங்கினார். தட்டை அடித்துக்கொண்டே.

"டேய் பச்ச! எந்திரிடா! பச்ச!"

ஓடினேன். கத்தினேன். "அம்மா! நான் மேல கீறேன்! இங்க கீறேன்!"

மழை. தட்டுச் சத்தம். அவர் திரும்பவில்லை. சந்துக்குள் போய்விட்டார். என் அறை சந்தின் கடைசி. ஆற்றை ஒட்டி.

ஆறு மணி இரண்டு நிமிடம். பாலத்துக்குக் கீழே ஒரு உறுமல். ரயில் போவது போல. பிறகு தகரம் கிழியும் சத்தம். பிறகு தண்ணீர். சந்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.

"வராத! ஏறு! மேல ஏறு!" சந்துக்குள்ளிருந்து அவர் குரல்.

நான் பதினோராவது படியில் இருந்தேன். பத்தாவது படியில் தண்ணீர். ஆட்டோக்காரர் என் பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. பை போனது. அடுத்து சட்டைக் காலரைப் பிடித்தார். விடவில்லை.

டங். கேட்டது. டங். பிறகு கொஞ்சம் பொறுத்து, டங்.

பிறகு இல்லை.

நான்காம் நாள் கிடைத்தார். ஆறு கடலில் சேரும் இடத்தில். மகள்தான் அடையாளம் சொன்னார்.

முகாமில் பேசினார்கள். நகைப் பெட்டி எடுக்கப் போனார் என்றார் ஒருவர். இடியாப்பப் பாத்திரத்துக்குப் போனார் என்றார் இன்னொருவர். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் அங்கே நின்றவன் நான். அவர் எதையும் எடுக்கப் போகவில்லை. வீட்டில் இல்லாத ஒருவனை எழுப்பப் போனார். அவன் இருபதடி தள்ளி நின்றான். அவன் குடத்தைக் கவிழ்த்திருந்தால் அவர் இறங்கியிருக்க மாட்டார்.

மகளிடம் மட்டும் நேரில் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "பச்சன்னு சொல்லுவாங்களே, அது நீதானா?" என்றார். உள்ளே போய்விட்டார்.

இழந்தவை. வீடு, முப்பத்தொன்று முழுதாக, பதினெட்டு பாதியாக. தையல் மிஷின் மூன்று. ஆட்டோ ஒன்று. ஆடு ஆறு. பிள்ளைகளின் புத்தகப் பைகளை யாரும் எண்ணவில்லை. என் பை ஒன்று. ஒரு பச்சைக் குடம். ஒரு அலுமினியத் தட்டு, ஒரு கரண்டி. ஏறி வந்தவர்கள் குழந்தைகளோடு நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். இறந்தவர் ஒருவர்.

வெள்ளத்துக்கு மறுநாள், வெள்ளி. அவரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். ஏழு பத்துக்கு லாரி வந்தது. தட்டுச் சத்தம் இல்லை. ஆட்கள் எழுந்து போய்க் குடங்களை வைத்தார்கள். பியாரியம்மாவின் முதல் இடத்தில் யாரும் வைக்கவில்லை. பிறகு அப்படியே நின்றார்கள். யார் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஓஸ் பைப்பு புடிக்கிற ஆளு வரல. அவன் வூட்லயும் தண்ணியாம். தெனமும் என்கூட வரணும். யாராச்சும் வர்றீங்களா?"

கையைத் தூக்கினேன்.