ஆர்வில் கெக்கின் கோப்பை மூடிய விதம்

இங்கே காபி நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் வரி அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது முதலில் காணாமல் போனது காபி மெஷின்தான். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள்.

தொலைபேசிப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். எனக்குக் கீழே மிஞ்சியவர்களில் மூத்தவள் நோரீன் வாஸ்கோ. இப்போது நீங்கள் பிடித்து வைத்திருப்பது அவளைத்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் கணவருக்கு டயாலிசிஸ். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் கூடவே போய்விடும், இந்த நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. முடியாத வழக்குகள் எந்தப் பிரிவில் அதிகமோ அதை மூடிவிட்டுத் தொலைபேசியை முழுக்க இயந்திரக் குரலிடமே ஒப்படைக்கப் போவதாக மேலிடத்திலிருந்து சேதி வந்தது. யார் எத்தனை முடித்தார்கள் என்பதைக் கணினியே கணக்கு வைத்துக்கொள்ளும். ஏன் முடியவில்லை என்று அது கேட்பதில்லை.

நோரீனிடம் முடியாமல் கிடந்த வழக்கு ஆர்வில் கெக்குடையது. லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் கிடையாது. மனைவி ஆர்டிஸ் இறந்த வருடத்துக்கு, இருவர் பெயரிலும் சேர்த்தே வரிக்கணக்குக் கொடுத்திருந்தார். சட்டப்படி சரிதான். ஆனால் இருவரில் இறந்தது யார் என்று புதுக் கணினிக்குப் பிடிபடவில்லை. கோப்பை நிறுத்தி வைத்துவிட்டது. அதையெல்லாம் கையால் பார்த்துச் சரிசெய்கிறவர்களை வசந்தகாலத்திலேயே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆகவே அவர் போன் செய்துகொண்டே இருந்தார், இவளும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, செத்தது அவதான். நான் இங்க நின்னு முட்டை பொரிச்சுக்கிட்டு இருக்கேன். சத்தம் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பேச்சு சுவாரசியத்துல கருக விட்டுறாதீங்க."

சீக்கிரம் பேசி முடி என்று சொல்லிப் பார்த்தேன். "பாவம் ரஸ்ஸல், பேச ஆளில்லாம கெடக்கார் மனுஷன்" என்றாள். அவள் நல்லவள். அதுதான் தொல்லையாக இருந்தது.

வரி கட்டுகிறவர் இறந்துவிட்டதாகக் குறித்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். ஒரு நாள் மதியம் நோரீன் சாப்பிடப் போயிருந்தபோது அவள் கணினியில் உட்கார்ந்து, மனைவிக்குப் பக்கத்தில் கணவரையும் இறந்தவராகக் குறித்தேன். முடித்த கணக்கு அவள் பெயரில் ஏற வேண்டுமல்லவா, அதனால்தான் அவள் கணினி. எங்கள் குறியை ஓய்வூதிய அலுவலகத்தாரும் வங்கிகளும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நடுவில் ஒருவர் இருந்து, வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பார். அந்த நாற்காலியும் போய்விட்டது.

சில வாரம் கழித்து, "கெக் பெரியவர் கூப்பிடுறதே இல்லையே" என்றாள் நோரீன்.

"அவர் பிரச்சினை முடிஞ்சிருச்சு."

"அப்பாடா. ஒரு வார்த்தை சொல்லலை பாரு, கிழவர்." அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். எனக்கும் நிறைவாக இருந்தது.

டிசம்பரில் அவர் நேரிலேயே வந்துவிட்டார். மக்களைப் பார்க்கும் கவுன்டரை மூடிவிட்டதால் வாசலில் பனியில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் வெளியே போனேன். ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார்.

"தம்பி, போன் பண்ணி என் நம்பரைச் சொன்னா, உங்க மெஷின் எனக்கே துக்கம் விசாரிச்சுட்டு வச்சிருது." அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "பென்ஷன் நின்னுபோச்சு. பேங்க்ல கணக்கை முடக்கிட்டாங்க. கையில காசில்லைன்னா ஹீட்டருக்கு எரிவாயுக்காரன் டாங்க்கை நிரப்ப மாட்டேங்கிறான், வீடு ஐஸா கெடக்கு. உள்ள நோரீன்னு ஒரு பொண்ணு இருக்கும், கூப்பிடுங்க. என் குரலைக் கேட்டாலே அதுக்குத் தெரியும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நோரீன் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, ஐயா" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே. அது வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியாதே. இனிமே அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

அவர் அதைக் கேட்டது இன்னும் என்னை வருத்துகிறது. என் மனம் கல் இல்லை. வீட்டுக்குப் போங்கள், நான் கவனித்துக்கொள்கிறேன் என்றேன். தம்பி நல்லா இருக்கணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

அந்தக் குறியை நீக்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் நீக்கினால் கோப்பு மறுபடி திறந்துகொள்ளும். எந்தப் பிரிவை மூடுவது என்ற முடிவு புத்தாண்டு கழிந்துதான் வரும். அதுவரை அவர் எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மெக்கானிக் அல்லவா, விறகடுப்பு ஏதாவது வைத்திருப்பார் என்றும் நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை.

ஜனவரியில், தபால்காரர் அவரைச் சமையலறையில் கண்டுபிடித்தார். மேல்கோட்டு இரண்டு போட்டிருந்தாராம். அடுத்த மாதம் எங்கள் பிரிவையும் மூடிவிட்டார்கள். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததும், குறி போட்டது அவள் கணினி என்பதால் நோரீனை அழைத்துப் போனீர்கள். அவளிடம் சொல்லுங்கள், நான் அவளுக்காகத்தான் செய்தேன் என்று. சொன்னால் புரிந்துகொள்வாள்.

இறந்த செய்தி கேட்ட பிறகாவது செய்த தவறைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றியது, மேடம். அன்றே அவர் கோப்பைத் திறந்து, அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். இறந்த தேதி ஒன்றுதான் தவறாக இருந்தது. அதைத் திருத்திவிட்டேன்.