வலது பக்கம் மட்டும்

என் தலையைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் சார். இந்த வயதில் இவ்வளவு முடி. அப்பாவுக்கும் இப்படித்தான், ரயில்வேயில் ரிட்டயர் ஆகும்வரை சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போகமாட்டார். முடி வளர மருந்து செய்கிறவனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம் சாம்பு என்று எங்கள் கம்பெனி முதலாளி சுஹாஸ் கேலி செய்வார்.

நான் செய்தது சாதாரணத் தைலம் இல்லை. கரிசலாங்கண்ணியின் சாரத்தை எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயைத் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைப்பது. வெளிநாட்டில் இப்போது நானோ எமல்ஷன் என்கிறார்கள். பால் மாதிரி வெளுக்காது, லேசாக நீலம் ஓடும். சாதாரண எண்ணெய் தோலின் மேலேயே நின்றுவிடும். இது உள்ளே போகும். இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? நடுவில் கரண்ட் போனால் போதும், காலையில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பிரியாமல் நின்றது. எலிகளின் முதுகில் முடி மளமளவென்று வந்தது.

சுஹாஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கன்னடம் கலந்த அவருடைய தமிழில் சொன்னார்:

"நோடி சாம்பு, எலி முதுகைக் காட்டினா யாரு வாங்குவா? ஒரு லேடியோட தலையைக் காட்டுங்க. பாதிக்கு மருந்து, பாதி சும்னே விட்டுடுங்க. தசராவுக்குள்ள ஆகலேன்னா இதை மூடிடலாம்."

அதற்கு வழித்த தலை வேண்டும். எந்தப் பெண் கொடுப்பாள்? பாக்கிங்கில் இருந்த பெண்களிடம் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி அழுதேவிட்டாள். என் மனைவி விசாலாக்ஷியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சுமங்கலியிடம் அப்படிக் கேட்பதே பாவம். எலிகளை எண்ணிக்கொண்டே என் ஆயுசு போய்விடும் என்று நினைத்தேன்.

வள்ளியாத்தாள் எங்கள் லேபில் பாட்டில் கழுவுகிறவள். கொள்ளேகால் பக்கம். புருஷன் பழனிமுத்து தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்குவான். அவளிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"மருந்துக்காகவெல்லாம் மாட்டேனுங்க சார். எங்கப்பன் முடியாம கெடந்தப்ப எங்காத்தா மாதேஸ்வரன் மலைக்கு நேந்துக்கிட்டு முடி எறக்குனாங்க. புருசன் உசுருக்குன்னா முடி என்னங்க பெருசு?"

அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பழனிமுத்துக்குத் தோள்வலி இருந்தது. ஒரு தைலம் கொடுத்தேன். அதே எமல்ஷன்தான், உள்ளே மட்டும் வேறொரு செடியின் சாரம். எது என்று உங்கள் கெமிக்கல் ரிப்போர்ட்டில் இருக்கும். என் மருந்து தோலைத் தாண்டி உள்ளே போகிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான். வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தான். டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவள் முடி நேர்ந்துகொண்டேன் என்று சொன்ன அன்றே, தைலம் பூசுவதை நிறுத்தச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மலையிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தவளிடம் பாட்டிலைக் கொடுத்தேன். முடி வேகமாக வளரும், ஆனால் வலது பக்கம் மட்டும் பூசு என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஒரு மாதம் கழித்து முக்காட்டை விலக்கிக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கருகருவென்று.

"ஒரு பக்கம் மட்டும் பூச மனசு வரலீங்க சார். சாமிக்குக் குடுத்த தலைங்க. அரையும் கொறையுமா வளந்தா மாதேஸ்வரன் என்ன நெனைப்பாரு? அதான் ரெண்டு பக்கமும் பூசிக்கிட்டேனுங்க."

வயிறு எரிந்தது, சார். இடது பக்கம் சும்மா இருந்தால்தானே வலது பக்கத்துக்கு அர்த்தம்? இத்தனை வருஷ உழைப்பை இரண்டு விரலால் வழித்துப் பூசிவிட்டாள். ஆனாலும் அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆராய்ச்சி அவளுக்கு என்ன தெரியும்? மறுபடி செய்யவேண்டியதுதான். தசராவும் நெருங்கிவிட்டது.

பழனிமுத்துக்குத் தோள்வலி திரும்பியபோது தைலத்தையும் திரும்பக் கொடுத்தேன். இதற்கிடையில் துளியை இன்னும் சின்னதாக்கியிருந்தேன். ஒன்றைச் செய்தால் முன்னைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் சுபாவம். அவ்வளவு வேகமாக உள்ளே போகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவள் நேர்ந்துகொள்வதற்குள் அவன் போய்விட்டான். கூட மூட்டை தூக்கும் சேகரன் மிச்சத் தைலத்தை எடுத்துப் பூசிக்கொண்டு மார்க்கெட்டிலேயே விழாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னிடம் வந்திருக்கமாட்டீர்கள். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்று விசாலாக்ஷி பார்க்க வந்தாள். வள்ளியாத்தாள் எதையும் நம்பவில்லையாம். ஆரஞ்சு வாங்கிவந்த சார் அப்படிச் செய்வாரா என்கிறாளாம். என்னை விடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இந்த வாரமே மலைக்கு முடி இறக்கப் போகிறாளாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு உபகாரம் செய்யுங்கள், சார். லேபில் என் அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கிறது, நீலம் ஓடும். அவள் திரும்பி வந்ததும் அதைக் கொடுங்கள். வலது பக்கம் மட்டும். இந்தத் தடவை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.