ரெஃப்ரி பார்த்த ஷின் பேட்

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் விசில்.

விசில்காரர் சொன்னார்: "மேட்ச்சுக்கு முன்னாடி அல்லார் கால்லயும் இருந்த ஷின் பேட், மேட்ச்சுல எப்பிட்றா மச்சி காணாப்போவும்?"

"இன்னா சொல்ற?"

"ஸ்கூல் பசங்க ஃபுட்பால். நான் ரெஃப்ரி. வரிசையா நிக்க வெச்சி, ஒவ்வொருத்தன் சாக்ஸையும் இறக்கி, உதை வுழுந்தா அடிபடாம இருக்க உள்ள வெக்கிற பேடு கீதான்னு பாத்தேன். அல்லாருக்கும் இருந்துச்சு. பாத்து முடிச்சவன் முடிச்சவன் தண்ணி குடிக்கணும்னு வரிசைக்குப் பின்னாடி ஓடுனானுங்க. ஆட்டத்துல ஒருத்தனுக்கு உதை வுழுந்து காலு வீங்கிப்போச்சு. பாத்தா பேடே இல்ல! பி.டி. மாஸ்டர் 'நீ செக் பண்ணவே இல்ல'ன்றாரு."

"மத்த பசங்களுக்கு?"

"ஒருத்தனுக்கும் இல்ல. வரிசைல கடைசியா நின்னான் பாரு, அவனுக்கு மட்டும் கீது."

"பேடு பாக்க எப்பிடி இருந்துச்சு?"

"பச்சைக் கலரு. மட்டமான சரக்கு மச்சி. அத்தினி பேர் பேடுலயும் அதே மூலைல அதே விரிசல்."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இத்த வித்த கடைக்காரன சும்மா வுடக் கூடாது" என்றார் விசில்காரர்.